கேன்டீன் மிஷினில் எரிந்த டியூப் லைட்

இதை நம்புங்கள் என்று நான் யாரையும் கேட்கப் போவதில்லை. நீங்கள் நம்பாமல் போனால் எனக்கும் கொஞ்சம் தைரியமாக இருக்கும். ஆனால் நடந்தது நடந்ததுதான். நான் குடிப்பவன் இல்லை. அன்று எனக்குக் காய்ச்சலும் இல்லை. என்னோடு இருந்தவன் அருள்பாண்டி. அவனைத் தேடிப் போய் யாரும் இதைப் பற்றிக் கேட்க வேண்டாம். அது ஒன்றுதான் நான் வைக்கும் வேண்டுகோள்.

என் பெயர் பாலமுரளி. மதுரை விளாங்குடியில் சின்னதாக எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "லூஸ் கான்டாக்டா இருக்கும், ஸ்க்ரூவை முறுக்கிப் பாருங்க" என்று கிண்டல் செய்கிற ஆள் நான். என் மனைவி ரங்கநாயகி, "உங்களுக்குன்னு ஒரு நாள் வரும்" என்பாள். போன ஐப்பசியில் வந்தது.

பணம் போட்டு பட்டனை அழுத்தினால் பிஸ்கட்டும் ஜூஸும் விழுமே, அந்த வென்டிங் மிஷின்களில் எங்களுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. கண்ணாடிக்கு உள்ளே பொருள் தெரிவதற்காக ஒரு லைட் எரியும். பழைய மிஷின்களில் அது சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்த டியூப் லைட். அதை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டித் தர வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்து, டியூப்பைத் திருகி எடுத்து, சோக்கைக் கழற்றி, வயரை நேராகக் கொடுத்தால் முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

அருள்பாண்டி என் கடையில் எட்டு வருஷமாக இருக்கிறான். திருமங்கலத்துக்கு மேற்கே விவசாயக் குடும்பம். வேலையில் கெட்டிக்காரன். வாய் மட்டும் ஓயாது. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவன் மனைவி திவ்யா உண்டாகியிருந்தாள். அப்போது எட்டாம் மாதம். பிள்ளைக்குத் தொட்டில் கம்பு முதல் கொசுவலை வரை வாங்கி வைத்துவிட்டான். இனி வாங்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கும் வந்துகொண்டிருந்தான்.

திருமங்கலம் தாண்டி, நான்குவழிச் சாலையை ஒட்டி, ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனி. பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே விடுமுறை. நாங்கள் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஐந்தரை. வானம் மூடியிருந்தது.

கேட்டில் செக்யூரிட்டி மருது இருந்தார். "கேன்டீன் அந்தா தெரியுதுல்ல, நேராப் போங்க. சாவி கதவுலயே தொங்குது."

"நீங்க வரலையா?"

"கேட்டை விட்டு வர முடியாதுண்ணே."

நாங்கள் கொஞ்ச தூரம் நடந்த பிறகு பின்னால் இருந்து குரல் கொடுத்தார். "உள்ள போறப்ப செருப்பைக் கழட்டிருங்க."

சாப்பிடுகிற இடம், சுத்தம் பார்க்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கேன்டீன் பெரியது. விடுமுறை என்பதால் நாற்காலிகளை எல்லாம் மேஜை மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சுவர் ஓரமாக இரண்டு மிஷின்கள். ஜூஸ் மிஷினை முதலில் முடித்தோம். அருள்பாண்டி பிள்ளைக்குப் பெயர் தேடிக்கொண்டே வேலை பார்த்தான். நான் சொன்ன பெயர் ஒன்றுகூட அவனுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது பிஸ்கட், சிப்ஸ் மிஷின். உள்ளே டியூப் எரிந்துகொண்டிருந்தது. துளி ஆட்டம் இல்லை. லேசான மஞ்சள். கண்ணாடியின் நடுவில் மூன்று விரலால் விபூதி இழுத்திருந்தார்கள். கீழே தரையில் ஓர் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். பக்கத்தில் காய்ந்த செவ்வந்தி.

"ஆயுத பூஜைக்கு வச்சதை இன்னும் எடுக்கல பாருங்கண்ணே" என்று சிரித்தான் அருள்பாண்டி.

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஊரில் அந்த நாளில் சைக்கிள் பம்புக்குக் கூடப் பொட்டு வைப்பார்கள். ஆனால் ஆயுத பூஜை என்றால் சந்தனம் இருக்க வேண்டும். குங்குமம் இருக்க வேண்டும். இதில் இரண்டும் இல்லை. வெறும் விபூதி. அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு விட்டுவிட்டேன்.

பிளக்கைப் பிடுங்கினேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது.

லைட் நிற்கவில்லை.

"அண்ணே, இதுக்கு இன்னொரு லைன் வருதா?"

மிஷினை முன்னால் இழுத்துப் பின்பக்கம் பார்த்தேன். ஒரே ஒரு வயர். அதன் பிளக் என் கையில் இருந்தது. சோக்கிலிருந்து மட்டும் மெல்லிய இரைச்சல். ங்ங்ங்ங்…

"பேட்டரி ஏதும் வச்சிருப்பான்" என்றேன். இந்த மிஷினில் பேட்டரி கிடையாது. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அருள்பாண்டி கதவைத் திறந்து உள்ளே குனிந்தான். "ஸ்டார்ட்டரே இல்லண்ணே. எடம் காலியா இருக்கு."

எரிய ஆரம்பித்த டியூப் ஸ்டார்ட்டரை எடுத்தாலும் எரியும். அதில் அதிசயம் இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கையில் இருந்த பிளக்கைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

அவன் டியூப்பைப் பிடித்தான். உடனே கையை இழுத்துக்கொண்டான்.

"சுடுதுண்ணே."

"எரியுற டியூப் சுடத்தான செய்யும்."

"அப்படி இல்லண்ணே… காய்ச்சக்காரன் கையைப் பிடிச்ச மாதிரி இருக்கு."

மறுபடி பிடித்தான். இரண்டு கையாலும். திருகினான்.

லைட் அணைந்தது.

ஹா… என்று ஒரு மூச்சு.

நான் விடவில்லை. அருள்பாண்டியும் விடவில்லை.

உள்ளே வெளிச்சம் போனதும் மிஷின் கண்ணாடியில் எங்களுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் தெரிந்தது. மேஜைகள். மேலே கவிழ்ந்த நாற்காலிகள். ஒரு நாற்காலி மட்டும் கீழே இருந்தது. எங்களைப் பார்த்தபடி.

வரும்போது அப்படி எதுவும் இல்லை.

கிர்ர்ர்…

நாற்காலி கால் தரையில் உரசும் சத்தம். ஒரே ஒரு தடவை. யாரோ எழுந்த மாதிரி.

"சீக்கிரம் மாட்டு அருளு" என்றேன்.

வயரைக் கொடுத்து எல்.இ.டி.யை மாட்டிப் பிளக்கைச் செருகினோம். வெள்ளை வெளிச்சம் பளிச்சென்று வந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அந்த நாற்காலி அங்கேயேதான் இருந்தது. கீழே டம்ளரைப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. தரையில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை.

பையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தால் வாசலில் மருது. வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்து ஓடி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

"அந்த லைட்டை எடுத்துட்டீங்களா?"

"அதுக்குத்தான வந்தோம்."

"ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலையா உங்ககிட்ட?"

"என்ன சொல்லணும்?"

அவர் கேன்டீன் பக்கம் எட்டிப் பார்த்தார். "பழசை உடைச்சிராதீங்க" என்று மட்டும் சொன்னார். அருள்பாண்டி தாண்டும்போது சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றார்.

பைக்கில் கிளம்பினோம். நான் ஓட்ட, அருள்பாண்டி பின்னால். பழைய டியூப்கள் இரண்டும் அவன் மடியில். உள்ளே பாதரசம் இருப்பதால் கண்ட இடத்தில் போட மாட்டோம், மிஷின் வைத்தவர்களிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இருட்டிவிட்டது. தூறல் வேறு. அருள்பாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு வருஷத்தில் அவன் வாய் மூடி வந்தது அன்றுதான்.

பைபாஸில் உயர் அழுத்தக் கம்பிகள் சாலைக்குக் குறுக்கே போகும் இடம் வந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். அருள்பாண்டியின் தாடையும் மூக்கும் வெளிச்சமாகத் தெரிந்தன. கீழே இருந்து வந்த வெளிச்சம்.

மடியில் ஒரு டியூப் எரிந்துகொண்டிருந்தது.

பெரிய கம்பிகளுக்குக் கீழே டியூப்பைப் பிடித்தால் வயர் இல்லாமலே மினுக்கும். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லி வண்டியை ஓட்டினேன். கம்பியைத் தாண்டினால் அணைந்துவிடும். தாண்டினால் அணைந்துவிடும்…

தாண்டினோம்.

அணையவில்லை.

ஜூஸ் மிஷின் டியூப் இருட்டாகவே கிடந்தது. பிஸ்கட் மிஷின் டியூப் மட்டும் எரிந்தது. திருப்பரங்குன்றம் தாண்டும் வரை எரிந்தது. தெருவிளக்குகள் வரிசையாக வந்ததும் தானாக மங்கிப் போனது.

கடைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த டியூப்பை மேஜை மேல் வைத்து மல்டிமீட்டரைத் தொட்டுப் பார்த்தேன். டியூப்பின் இரண்டு முனையிலும் உள்ளே மெல்லிய கம்பி இருக்கும். அது அறுந்தால் டியூப் ஃப்யூஸ். இதில் இரண்டு முனையும் அறுந்திருந்தன. முனைகள் கரிந்து கறுப்பு. பல நாளுக்கு முன்பே செத்துப்போன டியூப் அது.

அருள்பாண்டி தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சிவந்திருந்தன. தொட்டேன். கொதித்தது.

அப்போது போன் வந்தது. கம்பெனி கேன்டீன் சூப்பர்வைசர் இம்மானுவேல்.

"சார், அந்தப் பழைய டியூப் பத்திரமா இருக்கா?"

"இருக்கு. என்ன விஷயம்னு இப்பவாவது சொல்லுங்க."

அவர் சொன்னார். சூரியபிரகாஷ் என்று ஒரு பையன், இருபத்தாறு வயசு, அந்தக் கம்பெனியில் ஆபரேட்டர். முந்தின வாரம் புதன்கிழமை, டீ இடைவேளையில் மிஷினில் பிஸ்கட் எடுக்கப் போயிருக்கிறான். மிஷின் முன்னாலேயே விழுந்திருக்கிறான். மாரடைப்பு. அங்கேயே உயிர் போய்விட்டது.

அவன் அம்மா மலையம்மாள் வந்து, உயிர் பிரிந்த இடத்தில் பதினாறு நாளும் விளக்கு எரிய வேண்டும் என்று அழுதிருக்கிறாள். எங்கள் பக்கம் அது வழக்கம். விளக்கு இல்லாவிட்டால் போனவனுக்கு வழி தெரியாது, அங்கேயே நின்றுவிடுவான் என்பார்கள். ஆனால் கம்பெனிக்குள் நெருப்பு ஏற்றக் கூடாது. கூட வேலை பார்த்தவர்கள்தான் யோசனை சொல்லியிருக்கிறார்கள். அம்மா, இந்த மிஷின் லைட்டையே உங்கள் மகனுக்கு விளக்காக நினைத்துக்கொள்ளுங்கள், பதினாறு வரைக்கும் யாரும் இதை அணைக்க மாட்டோம் என்று.

"சரி, அது நல்ல யோசனைதான" என்றேன்.

"இல்ல சார்…" இம்மானுவேல் குரலைத் தாழ்த்தினார். "அந்த லைட்டு அதுக்கு முன்னாடியே ஃப்யூஸாகிப் போச்சு. ஸ்டார்ட்டரைக் கூட நான்தான் கழட்டி வேற இடத்துல போட்டேன். அந்தம்மா மனசு நோகக் கூடாதுன்னு, மறுநாள் புதுசு மாத்திக்கலாம்னு சும்மா சொன்னோம். அவங்க விபூதியைப் பூசிக் கும்பிட்டாங்க. லைட்டு தானா எரிய ஆரம்பிச்சிருச்சு."

மறுநாள் காலையில் டியூப்பை எடுத்துக்கொண்டு போனோம். அருள்பாண்டி தூங்கியிருக்கவில்லை. கம்பெனி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கேன்டீனில் மட்டும் சத்தம் இல்லை. மிஷின் முன்னால் தரையில் மலையம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயசு இருக்கும். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

எல்.இ.டி.யைக் கழற்றிப் பழைய டியூப்பை மாட்டினோம். எரியவில்லை. சோக்கைத் திரும்ப வைத்து, புது ஸ்டார்ட்டர் போட்டுப் பார்த்தேன். அறுந்த கம்பி எப்படி எரியும்? எரியவில்லை.

மலையம்மாள் எழுந்து டியூப்பைத் தொட்டுப் பார்த்தாள். "இதுல இல்ல" என்றாள்.

பிறகு எங்களைப் பார்த்தாள். "கழட்டுனது யாரு?"

அருள்பாண்டி கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் முகம் மாறியது. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

"இங்கதான் இருக்கியாய்யா" என்றாள், கையைப் பார்த்து.



"தம்பி, வியாழக்கெழமை பதினாறு. அதுவரைக்கும் பத்திரமா வச்சுக்கய்யா. அன்னைக்குப் பொழுது சாய வா. நானே குளிர வச்சிர்றேன்."

விளக்கை நாங்கள் அணைப்பது என்று சொல்வதில்லை. ஊதுவதும் இல்லை. பாலில் நனைத்த பூவைத் திரியில் வைத்துக் குளிர வைப்போம். விளக்கைக் குளிர வைக்கலாம். மனுஷனை? அதை நினைத்து மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. போகாதே என்றேன். விட்டுவிடு, காலப்போக்கில் சரியாகும் என்றேன்.

அருள்பாண்டி கேட்கவில்லை. "நேத்து திவ்யா வயித்துல கை வச்சேன்ணே. அவ அலறிட்டா. உள்ள பிள்ளை அசையாம நின்னுருச்சு. ஒரு மணி நேரம் அசையல." அவன் கண் கலங்கியது. "இந்தக் கையோட எம்பிள்ளையை எப்படித் தூக்குவேன்?"

நானும் கூடப் போனேன்.

வியாழக்கிழமை. பொழுது சாயும் நேரம். கேன்டீனில் இம்மானுவேல், மருது, நாலைந்து தொழிலாளர்கள். மலையம்மாள் ஒரு கிண்ணத்தில் பால் வைத்திருந்தாள். பாலில் ஒரு வெள்ளைச் செவ்வந்தி.

"லைட்டை எல்லாம் நிறுத்துங்க" என்றாள்.

இம்மானுவேல் ஒவ்வொன்றாக நிறுத்தினார். டப். டப். டப்.

இருட்டு.

முழு இருட்டு இல்லை. அருள்பாண்டியின் உள்ளங்கை தெரிந்தது. டார்ச்சைக் கையால் மூடினால் சதை சிவப்பாகத் தெரியுமே, அப்படி.

மலையம்மாள் பூவை எடுத்தாள்.

"போய்ட்டு வான்னு சொல்ல மாட்டேன். போயிருய்யா" என்றாள்.

பூவை உள்ளங்கையில் வைத்தாள்.

சுர்ர்ர்ர்…

சிவப்பு மறைந்தது.

எதுவும் தெரியவில்லை.

யாரோ விழும் சத்தம். பொத்தென்று.

"அருளு…"

பதில் இல்லை.

"அருளு…"

இம்மானுவேல் ஓடிப் போய் ஸ்விட்சைப் போட்டார். அருள்பாண்டி தரையில் கிடந்தான். நெஞ்சில் கை வைத்தேன். துடிக்கவில்லை. கைக்குத் தெரியவில்லையோ என்று காதை வைத்தேன். சத்தமே இல்லை. நான் கதற ஆரம்பித்தேன். அப்போது கண்ணைத் திறந்தான்.

"என்னண்ணே அழுறீங்க" என்றான். "கை குளுகுளுன்னு இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. மலையம்மாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அருள்பாண்டியைக் கட்டிப்பிடித்து முதுகில் ரெண்டு அடி வைத்தேன்.

அடுத்த மாதம் திவ்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கார்த்திகையில் பிறந்ததால் தீபிகா என்று வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அருள்பாண்டி வேண்டாம் என்றுவிட்டான். பிள்ளையை எந்நேரமும் தூக்கியே வைத்திருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். கொஞ்சம் பேச்சு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நானும் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் மறக்கத் தொடங்கியிருந்தேன்.

போன மாதம் ஒத்தக்கடை பக்கம் ஒரு கல்லூரியில் வேலை. மிஷின் பின்னால் இருந்த பாயின்டில் அருள்பாண்டி டெஸ்டரை வைத்துப் பார்த்தான்.

"கரண்ட் இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு வயரைத் தொடப் போனான்.

பக்கத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் எனக்குச் சந்தேகம். அவன் கையைத் தட்டிவிட்டு டெஸ்டரை வாங்கி அதே ஓட்டையில் வைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. கரண்ட் இருந்தது.

"நீ வை" என்றேன்.

வைத்தான். டெஸ்டரின் தலையில் விரலை நன்றாக அழுத்தினான். எரியவில்லை.

செருப்பைக் கழற்றச் சொன்னேன். வெறுங்கால், ஈரத் தரை. எரியவில்லை. கல்லூரி எலக்ட்ரீஷியனிடம் வேறு டெஸ்டர் வாங்கிக் கொடுத்தேன். எரியவில்லை. அந்த எலக்ட்ரீஷியன் வைத்தால் எரிந்தது. நான் வைத்தால் எரிந்தது.

டெஸ்டர் எப்படி எரிகிறது என்று இந்த வேலைக்கு வரும் எவனுக்கும் முதல் நாளே சொல்லித் தருவோம். நம் விரல் பட்டதும் துளி கரண்ட் நம் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கும். அதனால்தான் பல்பு எரியும். உயிருள்ள உடம்பு எதுவாக இருந்தாலும் எரியும்.

"என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க?" என்று கேட்டான் அருள்பாண்டி.

"ஒண்ணுமில்ல. டெஸ்டர் சரியில்ல" என்றேன்.

திவ்யாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் கடைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அருள்பாண்டி கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டான். பிள்ளை அவன் நெஞ்சில் காதை வைத்துப் படுத்தது. கொஞ்ச நேரம் எதையோ தேடுவது போலத் தலையை அப்படியும் இப்படியும் நகர்த்தியது.

பிறகு வீறிட்டு அழ ஆரம்பித்தது.